ஜூலைச் சூரியன் இரண்டு மில்லிமீட்டர் சிறியது

இன்று காலை அந்த ஃபார்வர்டு மறுபடியும் வந்துவிட்டது. ஜூலை பிறந்தால் வருமே, அதேதான். நாளை முதல் பூமி சூரியனை விட்டு ஒன்றரை மடங்கு தூரம் போகப்போகிறது, ஆகஸ்ட் வரை குளிர் வாட்டும், சளி பிடிக்கும், காய்ச்சல் வரும், கஷாயம் குடித்துக்கொண்டு வீட்டோடு இருங்கள், தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்புங்கள். படப்பையில் நாங்கள் இருக்கும் புது மனைப்பிரிவுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. குப்பை வண்டி வரவில்லை, தெருவிளக்கு எரியவில்லை என்று புலம்புவதற்காகத் தொடங்கியது. அதில்தான் கைகூப்பும் பொம்மைகளோடு வந்து விழுந்திருந்தது.

வேறு வருஷமாக இருந்தால் உன்னை நினைத்துக்கொண்டு சிரித்திருப்பேன். இன்று முடியவில்லை. ஃபோன் சத்தம் போட்டபோது என் உள்ளங்கை மகளின் நெற்றியில் இருந்தது. யாழினிக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். அனலாகக் கொதித்த நெற்றி இன்று காலை ஜில்லென்று இருந்தது. காய்ச்சல் விட்டிருந்தது. வேறு யாராக இருந்தாலும் அந்த நிமிஷத்தில் அப்பாடா என்று காபி போடப் போயிருப்பார்கள். எனக்குப் பயம் வந்தது. ஏனென்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது மத்தியானம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் தூங்குகிறாள். சலைன் இறங்கிக்கொண்டிருக்கிறது. காலையில் ஒரு தரம் ரத்தம் எடுத்தார்கள், சாயங்காலம் மறுபடியும் எடுப்பார்களாம். அதுவரை சும்மா உட்கார்ந்திருந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும். அதனால் ஃபோனில் உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுதாவிட்டால் சொட்டுகளை எண்ணிக்கொண்டிருப்பேன்.

நான் கோவில்பட்டியிலிருந்து ஒரு பையோடு ஒரகடத்துக் கம்பெனி வேலைக்கு வந்து இறங்கியவள். நீ மணிமங்கலத்துக்குப் பக்கத்து ஊர்க்காரி, சொந்த வீடு, சொந்த நிலம், கொஞ்சம் தண்ணீர் மிச்சமிருந்த கிணறு. இரண்டு பேரையும் ஒரே நாளில் குவாலிட்டி ரூமில் போட்டார்கள். உற்பத்தி லைனிலிருந்து வரும் உலோக வளையங்களை வெர்னியரில் அளந்து, சரியா தப்பா என்று சொல்லும் வேலை. என் பேச்சைக் கேட்டு முதல் நாளே நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "இன்னாடி இது, நீ பேசறது பாட்டு மாரி கீது. இன்னொரு தபா சொல்லு" என்றாய். எனக்குக் கோபம் வந்து சாயங்காலம் வரை உன்னோடு பேசவில்லை. மறுநாள் உன் டப்பாவிலிருந்து பாதி கருவாட்டுக் குழம்பை என் தட்டில் ஊற்றிவிட்டு, எதுவுமே நடக்காதது போல் உட்கார்ந்துகொண்டாய்.

உனக்கு எதையும் அளந்துவிட்டுத்தான் பேச வேண்டும். கேண்டீன் இட்லி சின்னதாகிவிட்டது என்று யாரோ சொன்னதற்கு, அதையும் வெர்னியரில் வைத்துப் பார்த்தவள் நீ. பஸ்ஸில் யாராவது கதை அடித்தால், "அளந்தியா? அளக்காம பேசாத" என்று வாயை அடைப்பாய். அந்த வாயால் உனக்கு எதிரிகளும் உண்டு, அது வேறு கதை.

அந்த ஃபார்வர்டு முதன்முதலில் நம் லைன் குரூப்பில் வந்த ஜூலை நினைவிருக்கிறதா? ஹாஸ்டல் பெண்கள் பாதிப் பேர் மஃப்ளர் கட்டிக்கொண்டு வந்தார்கள், அந்த வெயிலில். நீ சைக்கிள் ஷெட்டுக்குப் போனாய். அதன் தகரக் கூரையில் ஆணி கழன்ற ஓட்டை ஒன்று. சாப்பாட்டு நேரத்தில் அதன் வழியாகத் தரையில் ஒரு வெளிச்ச வட்டம் விழும். ஓட்டை கோணல்மாணலாக இருந்தாலும் வட்டம் உருண்டையாகவே விழுந்தது. "அது சூரியனோட போட்டோடி. ஓட்டை சின்னதா இருந்தா சூரியனே தரையில விழும். கிட்ட வந்தா பெருசாவும், தூரப் போனா சிறுசாவும்" என்று சொல்லி, சாக்பீஸில் அதைச் சுற்றிக் கோடு போட்டாய். ஜனவரியில் திரும்பப் போட்டுப் பார்த்து அந்த ஃபார்வர்டு அனுப்பினவன் மூஞ்சியில் அறைய வேண்டும் என்பது உன் திட்டம். சாக்பீஸ் அழியும் என்று ஆணியால் வேறு கீறி வைத்தாய்.

ஜனவரி வந்தது. அதே சாப்பாட்டு நேரம், அதே ஓட்டை. வெளிச்சம் கொஞ்சம் தள்ளி விழுந்தது. அளந்தாய். ஜூலை வட்டத்தைவிட ஒன்றரை மடங்கு நீளம்.

உன் முகம் வெளுத்ததை அன்றுதான் முதலில் பார்த்தேன். அந்த ஃபார்வர்டு சொன்ன கணக்கும் கிட்டத்தட்ட அதுதான். "அப்போ நெஜமாடி? அவ்ளோ தூரமா போய்ட்டு வருது?" என்றாய். பஸ்ஸில் வரும்போதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தாய். பூமி இப்படி ஒன்றரை மடங்கு ஓடிப்போய்விட்டுத் திரும்புகிறது என்றால் ஒரு தடவை திரும்பாமலே போய்விட்டால் என்ன செய்வது என்று படப்பை சிக்னலில் கேட்டாய். அடுத்த நாளும் அப்படியே இருந்தாய். சாப்பிடக்கூட இல்லை.

மூன்றாம் நாள் நான் சும்மாதான் ஷெட்டில் போய் நின்று பார்த்தேன். "ஏட்டி, இது வட்டமாவா கிடக்கு? முட்டை மாதிரில்லா கிடக்கு" என்றேன்.

நீ குனிந்து பார்த்தாய். பிறகு தலையில் அடித்துக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்தாய். ஜனவரியில் சூரியன் தெற்கே சாய்ந்து போகிறது. வெளிச்சம் சரிவாக வந்து தரையில் இழுபட்டுக் கிடக்கிறது. ஜூலையில் அது ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேல் நிற்கிறது, அதனால் உருண்டையாக விழுந்தது. புதிதாக வரும் அப்ரண்டிஸ்களை நீ தினமும் திட்டும் திட்டே அதுதான், வெர்னியரைச் சாய்த்துப் பிடித்து அளக்காதே, அளவு கூடக் காட்டும் என்று. "சாச்சி அளந்துகினு ரெண்டு நாளா சோறு துன்னாம கெடந்தேன் பாரு" என்றாய். அப்போது நாம் சிரித்த சிரிப்பைக் கேட்டு செக்யூரிட்டி வந்து என்னவென்று விசாரித்துவிட்டுப் போனார்.

சூரியனைச் சாய்க்காமல் அளப்பதற்கு உன் வீட்டு மாடியில் வழி கிடைத்தது. உன் அப்பா போர்வெல் போட்டபோது மிஞ்சிய இருபதடி பிளாஸ்டிக் பைப். பொங்கல் லீவில் என்னை வரச் சொன்னாய். ஒரு முனையில் பார்சல் பிரியாணி சுற்றி வந்த வெள்ளித்தாளை இழுத்துக் கட்டி, கோணி ஊசியால் ஒரு துளை. மறுமுனையில் வெளிச்சம் கசியும் பட்டர் பேப்பர். மேல் முனையைத் தண்ணீர்த் தொட்டிமேல் சாத்தி, சூரியனை நேராகப் பார்க்கும்படி நகர்த்தி நகர்த்தி வைத்தாய். கீழ்முனையில் நான் துப்பட்டாவைத் தலையோடு போர்த்திக்கொண்டு பார்த்தேன். பேப்பரில் சூரியன் வந்து உட்கார்ந்தது, மங்கலாக, முழு உருண்டையாக.

உட்கார்ந்தது என்று சொல்ல முடியாது, ஓடியது. பென்சிலை எடுப்பதற்குள் நகர்ந்து போய்விட்டது. கடைசியில் இரண்டு கையிலும் இரண்டு பென்சிலை வைத்துக்கொண்டு, வட்டம் நடுவுக்கு வரும்போது அதன் இரண்டு ஓரத்திலும் ஒரே சமயத்தில் புள்ளி வைத்தேன். நீ பைப்பை நகர்த்த, நான் புள்ளி வைக்க, மத்தியானம் பூராவும் ஜோடி ஜோடியாகப் புள்ளிகள். உன் அம்மா மாடி ஏறி வந்து பார்த்துவிட்டு, "பொங்க நாள்ல பொட்டப் புள்ளைங்க பைப்பை கட்டிகினு அழுவுதுங்க" என்று சொல்லிக் கரும்பை வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த ஜூலையில், அந்த ஃபார்வர்டு வந்த ஞாயிற்றுக்கிழமை, அதே பைப், அதே துளை. எனக்கு அப்போது கல்யாணம் ஆகி, யாழினி வயிற்றில் இருந்தாள். சூரியன் உச்சியில் நின்றதால் பைப்பைச் செங்குத்தாக நிறுத்த வேண்டியிருந்தது. அதைத் தொட்டியின் ஓரத்தில் கட்டி மாடியிலிருந்து வாசலுக்கு இறக்கினாய். என்னை நாற்காலி போட்டு உட்கார வைத்து, "நீ குந்திகினு புள்ளி மட்டும் வெய். மிச்சத்த நான் பாத்துக்கறேன்" என்றாய். திங்கட்கிழமை டீ நேரத்தில் இரண்டு பேப்பரையும் குவாலிட்டி ரூம் மேஜையில் விரித்து, ஒவ்வொரு ஜோடியாக அளந்தாய். ஜனவரிச் சூரியனைவிட ஜூலைச் சூரியன் சிறியதாக இருந்தது, கிட்டத்தட்ட இரண்டு மில்லிமீட்டர். அவ்வளவுதான்.

நீ வெகுநேரம் அந்தப் புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருந்தாய். பதினைந்து கோடி கிலோமீட்டரில் ஐம்பது லட்சம் கிலோமீட்டர் கூடக் குறைய நாம் போய் வருகிறோம். மார்கழிப் பனியில் நடுங்கும்போதுதான் கிட்டத்தில் இருக்கிறோம், ஜூலையில் தார் உருகும்போது எட்டத்தில். குளிரும் வெயிலும் பூமி சாய்ந்திருப்பதால் வருகிறது, தூரத்தால் வருவதில்லை. இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது, பள்ளிக்கூடத்தில் நானும் படித்து மார்க் வாங்கியிருக்கிறேன். ஆனால் இரண்டு கையாலும் சூரியனின் ஓரத்தைத் தொட்டுப் புள்ளி வைத்தவளுக்கு அது வேறு மாதிரி தெரியும். "ரெண்டு மில்லிமீட்டரு. இதுக்குதான் ஊரே இருமிகினு சாவும்ன்றானுங்க" என்று சொல்லிவிட்டு, பேப்பரை மடித்து என்னிடம் கொடுத்தாய்.

அந்த வாரமே உனக்குக் காய்ச்சல்.

இதை எழுதும்போது எனக்கு உன்மேல் வரும் கோபம் இன்னும் ஆறவில்லை, கேட்டுக்கொள். லைனில் எல்லோரிடமும் அதை ஒரு ஜோக்காக ஆக்கிவிட்டாய். யார் நலம் விசாரித்தாலும், "ஒண்ணியும் இல்ல, அஃபீலியன் வந்துகீது" என்று ஃபோனில் சிரித்தாய். பூமி அதிகத் தூரத்தில் நிற்கும் நாளின் பெயர் அது. அந்த வார்த்தையை நம் லைனில் எல்லோர் வாயிலும் நுழைய வைத்தவளும் நீதான். நான் வருகிறேன் என்றதற்கு, "புள்ளத்தாச்சி, கிட்ட வந்தன்னா கால ஒடிப்பேன்" என்றாய். ரத்தம் பார்த்தாயா என்று கேட்டேன். மாத்திரை போட்டிருக்கிறேன், ஒரு ஜுரத்துக்கு ஊரைக் கூட்டாதே என்றாய். அந்த ஜூலையில் சாயங்காலம் தவறாமல் மழை பெய்து, உன் ஊர்ப் பக்கம் வீட்டுமனை போட்ட காலி இடங்களிலெல்லாம் தண்ணீர் நின்றது. கொசு பகலிலேயே பிடுங்கியது. சூரியன்மேல் பழி போட்டவர்களும் அந்தத் தண்ணீரைப் பார்க்கவில்லை, அவர்களைப் பார்த்துச் சிரித்த நீயும் பார்க்கவில்லை.

அப்புறம் ஒரு காலை, பஸ்ஸிலிருந்து பேசினாய். பின்னால் ஹாரன் சத்தம். "ஜுரம் வுட்டுடுச்சிடி. அஃபீலியன் முடிஞ்சிட்ச்சி. வயிறுதான் ஒரு மாரி வலிச்சிகினே கீது, டீ குடிச்சா சரியாய்டும். ஷிப்டுக்கு வந்துகினு கீறேன்." எனக்கு அன்று இரண்டாம் ஷிப்ட். நான் கம்பெனி கேட்டுக்குள் நுழையும்போது ஆம்புலன்ஸ் வெளியே போனது. வெர்னியர் கையில் இருக்கும்போதே நீ மேஜையில் சாய்ந்துவிட்டாயாம். மறுநாள் மத்தியானம் எல்லாம் முடிந்துவிட்டது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு டாக்டர் உன் அப்பாவிடம் சொன்னது காதில் விழுந்தது. டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய நேரம், அப்போதுதான் சிலருக்கு உள்ளே மோசமாகும், வயிற்று வலி வந்தால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கக் கூடாது. உன் அப்பா தலையை ஆட்டிக்கொண்டே நின்றார். கேட்டாரா இல்லையா தெரியாது. நான் கேட்டேன். அந்த வாக்கியத்தை இத்தனை வருஷம் சுமந்துகொண்டிருக்கிறேன். இட்லியை அளந்தாய், சூரியனை அளந்தாய். உன் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ரத்தம் பார்க்கிற இடம் இருந்தது. போகவில்லை.

இன்று காலைக்கு வருகிறேன். ஊரிலிருந்து வந்திருக்கும் என் அத்தை, என் வீட்டுக்காரரின் அம்மா, பேத்தியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "காய்ச்ச விட்டுட்டு, பாத்தியா? இனி எதுக்கு ரத்தமும் ஊசியும், பச்சப் பிள்ளைக்கு?" என்றார். குரூப்பில் வந்ததையும் காட்டினார். "இந்தா, போட்டிருக்காவல்லா. பூமி தூரமாப் போயிருக்காம். அதான் பிள்ளைக்கு ஒத்துக்கிடல. ஒரு கஷாயம் வச்சிக் கொடுப்போம்."

அப்போது யாழினி சுருண்டு படுத்துக்கொண்டு, "அம்மா, வயிறு வலிக்கிம்மா" என்றாள்.

என் வீட்டுக்காரர் முதல் ஷிப்டில் இருந்தார். ஃபோன் லாக்கருக்குள். அத்தை கெட்டவர் இல்லை, பேத்திக்கு ஊசி குத்துவதைப் பார்க்கத் தாங்காதவர். அவரிடம் நான் குரலை உயர்த்தி ஒரு நாளும் பேசியதில்லை. இன்று என்ன பேசினேன் என்று சரியாக நினைவில்லை. "விட்டதுனாலதான் அத்தை பயமா இருக்கு" என்று சொன்னது மட்டும் ஞாபகம் இருக்கிறது. செருப்பு மாட்டினேனா என்றுகூடத் தெரியாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு ஓடினேன். ஷேர் ஆட்டோவில் எனக்கு எதிரே இருந்தவர், பிள்ளைக்கு உடம்பு சரியில்லையா, இது சீஸன்தான் அம்மா, பூமி தள்ளிப் போகுதாமே என்றார். ஒரகடம் பக்கமிருந்து வரும் லாரிகள் ஒவ்வொன்றும் எனக்கென்றே குறுக்கே வருவது போலிருந்தது.

டாக்டரம்மா சின்ன வயசுதான். காய்ச்சல் எப்போது விட்டது என்று கேட்டார். இன்று காலை என்றேன். வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு உடனே ரத்தம் எடுக்கச் சொன்னார். டெங்குதான். தட்டணுக்கள் குறைந்திருக்கின்றன, கட்டிலில் போட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும், இன்றும் நாளையும் கவனம் என்றார். பிழைத்துவிடுவாள் இல்லையா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவரே, "நீங்க இப்ப வந்தது நல்லது" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

அத்தை பின்னாலேயே ஆட்டோ பிடித்து வந்துவிட்டார். பேத்தியின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவரைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. என் பையில் பட்டர் பேப்பர் இரண்டும் இருக்கின்றன, எப்போதும் இருக்கும். பேருக்கு ஒரு தரம் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டேன். மடிப்பில் கிழிய ஆரம்பித்திருக்கிறது. புள்ளிகள் இருக்கின்றன.

கொஞ்சம் முன்னால் எங்கள் தெருக் குரூப்பைத் திறந்தேன். அந்த ஃபார்வர்டுக்குக் கீழே ஏகப்பட்ட கைகூப்புகள், நன்றிகள், கஷாயத்துக்கு ஒரு செய்முறை. உன்னைப் போல் நக்கலடித்து நாலு வரி எழுதத்தான் கை துறுதுறுத்தது. எழுதி, அழித்தேன். அப்புறம் இப்படி எழுதினேன்: "ஜூலையில் சூரியன் கொஞ்சம் தூரம்தான். அதனால் காய்ச்சல் வராது. நானே அளந்து பார்த்திருக்கிறேன். காய்ச்சல் கொசுவால் வருகிறது. என் மகள் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். உங்கள் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் இருந்தால் ரத்தம் பாருங்கள். காய்ச்சல் விட்ட பிறகும் பாருங்கள். வயிறு வலித்தால் உடனே கிளம்புங்கள்."

பிறகு மாவு மில் வைத்திருக்கும் அக்கா எழுதினார்: "எங்க வூட்லயும் பெரியவனுக்கு நாலு நாளா இருந்துச்சி, நேத்து விட்டுடுச்சி. சாப்பிட மாட்டேன்றான், வயித்தப் புடிச்சிகினு படுத்துனு கீறான். எந்த ஆஸ்பத்திரி?" நான் பெயரும் வழியும் அனுப்பினேன். கிளம்பிவிட்டோம் என்று ஒரு பதில் வந்தது.

சாயங்கால ரத்தத்தை இப்போதுதான் எடுத்துக்கொண்டு போனார்கள். ஊசி குத்தும்போது யாழினி கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு அழுதாள். அழுவதற்குத் தெம்பிருக்கிறது என்று அத்தை தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். முடிவு வர ஒரு மணி நேரம் ஆகும். எனக்கு இன்னும் பயமாகத்தான் இருக்கிறது. உன்னிடம் மறைப்பதற்கு என்ன இருக்கிறது? ஆனால் இது கையும் காலும் ஓடாத பயம் இல்லை. இந்தப் பயத்தோடு என்னால் உட்கார்ந்திருக்க முடிகிறது. கேட்க வேண்டியதைக் கேட்க முடிகிறது.

ஜனவரியில் பூமி சூரியனுக்குப் பக்கத்தில் வரும்போது, யாழினியை உன் வீட்டு மாடிக்குக் கூட்டிக்கொண்டு போகலாம் என்றிருக்கிறேன். பைப் அங்கேயேதான் கிடக்கிறது. உன் அம்மா யாரையும் தொட விடுவதில்லை. இவள் இரண்டு கையிலும் பென்சில் பிடிக்கட்டும், நான் நகர்த்துகிறேன். அளந்துவிட்டுப் பேச வேண்டும் என்று நீ ஆயிரம் தரம் சொல்லி எனக்குக் கற்றுக்கொடுத்தாய். காய்ச்சல் விட்ட பிறகும் அளக்க வேண்டும் என்பதையும் உன்னிடம்தான் கற்றேன். அதை மட்டும் நீ சொல்லவில்லை.

மாவு மில் அக்கா மகனைத் தோளில் சாய்த்துக்கொண்டு வராந்தாவில் வருகிறார். எழுந்து போகிறேன்.